முழங்கால் மா

சம்பூர்,
20.08.2005

தங்கச்சி குணேஸ்வரிக்கு,

சுகம் விசாரிக்கிற முதல் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். எனக்குச் சுகமில்லை என்று தெரிந்துதானே டின் அனுப்பியிருக்கிறாய்.

டின் வந்து சேர்ந்தது. மூதூரில் றஊப்பின் கடை விலாசத்துக்கு அனுப்பியது நல்ல யோசனை. கடைக்குத் தயிர் எடுக்க என்னிடம் வரும்போது மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து தந்தான். திறந்து பார்த்தால் வெள்ளை மா. "என்னக்கா, ரொட்டி சுட ஜெர்மனியில இருந்தா மா வருது? நம்மட கடையில மா இல்லையா?" என்று கேட்டு அவனுக்கு ஒரே சிரிப்பு. முழங்காலுக்கு என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் வாயில் அதற்கு முழங்கால் மா என்று பெயர்.

காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். குந்தினால் எழும்ப ஏலாது, எழும்பினால் குந்த ஏலாது. மாட்டுக்குக் கீழே குந்தாமல் எப்படியடி பால் கறக்கிறது? பலகை போட்டு இருந்தும் பார்த்தேன். சிவப்பி என்று ஒரு மாடு நிற்கிறது, நீ போன பிறகு பிறந்தது, பலகையைக் கண்டாலே உதைக்கிறது. கறக்காமல் விட்ட பாலெல்லாம் கன்றுகளுக்கு. அதுகளுக்கு என்ன, கொண்டாட்டம். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், "சவ்வு தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது அம்மா. குந்தாதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ" என்றார். மாடு வைத்திருக்கிறவளுக்குச் சொல்கிற கதையா அது?

மாடுகளை விற்றுவிட்டு ரவுணில் ஒரு அறை எடுத்து இருங்கோ, காசு நான் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். கோபிக்காதே. இந்த மாடுகள் நிற்குமட்டும்தான் நான் ஒருத்தர் கையைப் பார்க்காமல் இருப்பேன். உன் கையாக இருந்தாலும் அது இன்னொருத்தர் கைதான்.

ஒன்று கேட்கவேண்டும். டின்னில் ஒட்டியிருந்த பேப்பரை ஆரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். இந்த மா என்னத்தில் செய்தது? நான் மச்சம் மாமிசம் தொடாதவள். அந்த நாட்டுச் சாமானில் எதை எதைப் போடுவார்களோ ஆர் கண்டது. உன் பதில் வருமட்டும் டின் அலுமாரிக்குள்தான் இருக்கும்.

அக்கா,
பூரணி


டோர்ட்முண்ட்,
09.09.2005

என் அன்பான அக்காவுக்கு,

பேப்பரைக் கழற்றியது நான்தான். இந்த நாட்டு டொச்சு மொழியில் என்னவோ எழுதியிருந்தால் வழியில் சோதிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். பயப்படாமல் குடியுங்கோ. அது கடற்பாசி. நோன்பு காலத்தில் மூதூர்ப் பக்கம் காய்ச்சி உறைய வைத்துச் சாப்பிடுவார்களே, அதைப் போல ஒரு கடற்பாசியைக் காயவைத்து அரைப்பது. வேறு ஒன்றும் இல்லை.

காலையில் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீரிலோ தேத்தண்ணியிலோ கரைத்துக் குடிக்கவேண்டும். வாசம் கொஞ்சம் ஒரு மாதிரித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கோ. ஒரு கிழமை குடித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிடாதேங்கோ. மூன்று மாதம் விடாமல் குடித்தால்தான் தெரியும்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறா. கட்டிலில் இருந்து அவவை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இந்த மாவைத் தொடங்கிய பிறகு, கம்பியைப் பிடித்துத் தானாக எழும்புகிறா. அங்கே வருகிற டொக்டரிடம் கேட்டேன். "சிலருக்குக் கால் நோவு குறைகிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. தேய்ந்த சவ்வு திரும்ப வளரும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், குடித்தால் கெடுதல் இல்லை" என்றார். நோ குறைந்தால் போதாதா அக்கா?

நாள் முழுக்க ஊரார் காலைத் தேய்த்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறேன். என் உடன்பிறந்தவளின் காலைப் பிடித்துவிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த டின்னையாவது குடியுங்கோ. எனக்காகக் குடியுங்கோ.

தங்கச்சி,
குணேஸ்


சம்பூர்,
05.12.2005

தங்கச்சிக்கு,

சும்மா சொல்லக்கூடாது, உன் மா வேலை செய்கிறது. அல்லது ஒரு கிழமையாக மழை விட்டதால் குளிர் குறைந்து கால் இளகியதோ, எனக்குத் தெரியாது. காலையில் எழும்பினதும் சுவரைப் பிடிக்கத் தேவையில்லை. போன வெள்ளிக்கிழமை சிவப்பிக்குக் கீழே குந்திவிட்டேன். எழும்பும்போது "அம்மாளே" என்று கூப்பிட்டது உண்மைதான், ஆனால் ஒருத்தர் கையும் பிடிக்காமல் எழும்பினேன். சின்னராசா, அதுதான் பக்கத்து வளவுக்காரன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, கலியாணம் பேசுவமோ?" என்கிறான். அவனுக்கு வாய் மட்டும் தேயவில்லை.

வாசம்தான் சகிக்க ஏலாது. கழனித் தொட்டிக்குள் மூக்கை விட்ட மாதிரி.

இன்னொரு கதை. றஊப்பின் உம்மாவுக்கும் முழங்கால் வருத்தம் என்று சொன்னான். பாவம், கொஞ்சம் மடித்துக் கொடுத்தேன். அடுத்தமுறை வரும்போது அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். அவன் பெண்சாதி மைமூனா அதைக் காய்ச்சி ஆறவிட்டுப் பார்த்தாளாம். கடற்பாசி என்றால் உறையவேண்டும், இது உறையவே இல்லையாம். "அக்கா, குறை நினைக்காதீங்க. எங்கட ஊட்டுல தலைமுறையாக் கடப்பாசி காச்சுறாங்க. இது கடப்பாசி இல்லெண்டு மைமூனா சத்தியம் பண்ணுறா. என்னத்துல செஞ்சதெண்டு தெரியாம உம்மாட வாய்க்குள்ள போடேலாதே" என்றான். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்துவிட்டது. என் தங்கச்சி எனக்குப் பொய் சொல்வாளோ என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு தயிர் முட்டிகளைக் கட்டினான்.

வெள்ளைக்காரன் கடற்பாசி வேறாக இருக்கும், இல்லையா? டின் அடியைத் தொட்டுவிட்டது. இன்னொன்று அனுப்பு. தேர்தல் முடிந்ததிலிருந்து பாதையில் கெடுபிடி கூடிவிட்டது. எங்கள் பக்கம் இயக்கத்தின் இடம் என்று, ஆமி சென்றியில் மறித்து ஒவ்வொரு பையாக இறக்கிப் பார்க்கிறார்களாம். சுணங்காமல் அனுப்பு.

அக்கா


டோர்ட்முண்ட்,
22.12.2005

அன்பான அக்கா,

நீங்கள் குந்தி எழும்பிய கதையை வாசித்து பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவள் துடைக்கப் பேப்பர் தந்தாள்.

அடுத்த டின் நேற்று அனுப்பிவிட்டேன். போன முறை மாதிரித்தான் கட்டியிருக்கிறேன், றஊப்பின் கடைக்கு.

மைமூனா சொன்னதைப் பெரிதாக எடுக்காதேங்கோ. இங்கே எல்லாவற்றையும் மெஷினில் போட்டு வேறு விதமாகச் செய்வார்கள். ஆனால் அக்கா, இனி மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டாம். ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு அளவு. அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் வந்தால் எங்களுக்குத்தான் பழி. நீங்கள் மட்டும் குடியுங்கோ, மூடி இறுக்கி வையுங்கோ.

பாதை பூட்டினால் என்ன செய்வீர்கள்? கால் கொஞ்சம் சுகமாக இருக்கும்போதே ரவுணுக்கு வந்துவிடுங்கோ. மாட்டைப் பற்றி இனி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் ஏசுவீர்கள்.

குணேஸ்


சம்பூர்,
31.01.2006

குணேஸ்வரி,

இதைச் செஞ்சிலுவைக்காரத் தம்பி ஒருவர் கையில் கொடுக்கிறேன். ரவுணுக்குக் கொண்டுபோய் உனக்கு பெக்ஸ் அடிப்பார். ரெலிபோன் எடுக்க மூதூருக்குத்தான் போகவேண்டும், சென்றி பூட்டியிருக்கிறது.

றஊப்பைப் பிடித்துவிட்டார்கள்.

நீ அனுப்பிய டின்னால் பிடித்தார்கள். சின்னராசா அரிசிச் சாக்கோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் பின்னுக்கு நின்று எல்லாவற்றையும் கண்டவன். டின்னைத் திறந்திருக்கிறார்கள். வெள்ளை மா, மேலே ஒரு எழுத்தும் இல்லை. என்னது என்று கேட்டதற்கு இவன், "மருந்து மா, சம்பூர்ல ஒரு அக்காட முழங்காலுக்கு" என்றிருக்கிறான். என்ன மா என்று திரும்பக் கேட்க, கடற்பாசி என்றானாம். நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்வான். அப்படியென்றால் தின்று காட்டு என்று அவன் உள்ளங்கையில் கொட்டியிருக்கிறார்கள்.

அவன் தின்னவில்லை.

"அக்கா, அந்த மனிசன் மாவைக் கையில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோறார், திரும்ப இறக்கிறார். தின்னமாட்டன் எண்டும் சொல்லேல்லை. ஆமிக்காரன் துவக்கைத் தூக்கி நீட்டினான்" என்று சின்னராசா சொல்கிறான். தின்னப் பயப்படுகிறான், ஆகவே இது குண்டுக்குப் போடுகிற மருந்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். முழங்காலில் இருத்தி, பிறகு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த முகாம் என்றுகூட முதலில் தெரியவில்லை. மைமூனா சென்றியடியில் நின்று கத்தினாளாம்.

இப்போது இடம் தெரிந்துவிட்டது. இந்தத் தம்பி விசாரித்ததில், அந்த மா என்னது என்பதற்குக் கொம்பனியின் அத்தாட்சி வரவேண்டும், சாமானுக்குச் சொந்தக்காரி நேரில் வரவேண்டும் என்கிறார்கள். கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கிறது என்றால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அவன் இருப்பானோ என்பது அம்மாளுக்குத்தான் வெளிச்சம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நீ கிழித்த பேப்பர் எங்கே? அது என்ன மா? உண்மையை எழுது. எனக்கு நோகும் என்று பார்க்காதே, ஒரு குடும்பத்தின் ஆளை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பூரணி


டோர்ட்முண்ட்,
04.02.2006
(செஞ்சிலுவைத் தம்பி மூலம், பெக்ஸ்)

அக்கா,

கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, ஆங்கிலத்தில் அத்தாட்சி வாங்கி இதோடு சேர்த்து அனுப்புகிறேன். புது டின் ஒன்றின் பேப்பரையும் கொப்பி எடுத்திருக்கிறேன். முகாமுக்கு அது போதும்.

உங்களுக்கு நான் தமிழில் எழுதவேண்டும். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, பெக்ஸ் கடை பூட்டப் போகிறார்கள்.

அது கடற்பாசி இல்லை. கொலாஜன் என்பார்கள். தோலிலும் எலும்பிலும் சவ்விலும் இருக்கிற பசை. மாட்டுத் தோலையும் பன்றித் தோலையும் அவித்து, பசையை எடுத்துக் காயவைத்து மாவாக்குவது. எங்களுடைய சவ்வும் அதே பசையால் ஆனது என்பதால் அது கேட்கும் என்று சொல்கிறார்கள். டின்னில் மாட்டின் படம் பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்தால் நீங்கள் தொடமாட்டீர்கள் என்றுதான் சுரண்டினேன். சுடுதண்ணியில் ஊறவைத்துக் கத்தியால் சுரண்டினேன்.

உங்கள் கால் சுகமாகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இருக்கவில்லை. றஊப்பை விடப் பண்ணுங்கோ. என்னைப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கோ.

குணேஸ்


சம்பூர்,
20.02.2006

குணேஸ்வரிக்கு,

றஊப்பை விட்டுவிட்டார்கள். முதலில் அதை எழுதவேண்டும், மற்றது பிறகு.

உன் பெக்ஸை அந்தத் தம்பியின் வாகனத்துக்குள் இருந்துதான் வாசித்தேன். முகாமுக்குப் போகிற வழியில். வாசலுக்கு இங்கால் வாகனத்தை நிற்பாட்டி, உள்ளே நடந்து போகச் சொன்னார்கள். பொடிநடையாக நடந்தேன். நடக்க நடக்க, இந்தக் கால் எதைத் தின்று சுகமானது என்ற நினைவு. என் காலே எனக்கு அருவருத்தது.

முகாமின் பெரியவர் அத்தாட்சியைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கிற பொடியன் தமிழ்ப் பொடியன். "அம்மா, இது உங்கடை மருந்து எண்டால் நீங்கள் குடிச்சுக் காட்டட்டாம்" என்றான். கிளாஸில் தண்ணீரும் வந்தது, கரண்டியும் வந்தது. பொடியன் பேப்பரை வாசித்தவன்தானே. என் நெற்றியில் விபூதியைப் பார்த்துவிட்டுச் சத்தம் குறைத்து, "அம்மா, நீங்கள் சைவமோ? ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றான்.

ஒருத்தன் யோசித்து நின்றதற்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நானும் யோசித்து நின்றால் அவன் கதை முடிந்தது. "இதைக் குடிச்சால் அந்தப் பிள்ளையை விடுவினமோ எண்டு கேள் தம்பி" என்றேன். அவன் கேட்டான். பெரியவர் தலையாட்டினார்.

குடித்தேன். ஒரே மடக்கில் குடித்தேன். சிவப்பியின் முகம்தான் வந்தது. வாசலுக்கு வெளியே வந்துதான் சத்தி எடுத்தேன்.

எடியே, நான் ஏன் மச்சம் விட்டேன் என்று உனக்குத் தெரியுமா? உன் அத்தான் செத்ததுக்காக என்று ஊர் முழுக்க நினைத்தது. நானும் திருத்தவில்லை. நீ தொண்ணூறில் கொழும்பால் போய், ரஷ்யாவில் எங்கேயோ நிற்கிறாய் என்று ஒரு சேதி வந்ததோடு சரி. பிறகு மாதக்கணக்காக ஒன்றுமே இல்லை. கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரனும் இல்லை. பனிக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று ஆட்கள் கதைத்தார்கள். நான் அம்மன் வாசலில் விழுந்து கிடந்து, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கடிதத் துண்டு வரட்டும், சாகுமட்டும் மச்சம் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நண்டென்றால் உயிரை விடுகிறவள் நான், உனக்குத் தெரியும். உன் துண்டு வந்த அன்றைக்கு விட்டதுதான்.

உன் உயிருக்கு வைத்த நேர்த்தியை நீயே கரண்டி கரண்டியாக எனக்குள் ஊற்றி அழித்துவிட்டாய்.

என்னையும் நான் விடவில்லை. மைமூனா சொன்ன அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். கால் சுகமாக இருந்தது, விளங்க மனம் வரவில்லை. அவனை அதட்டிவிட்டேன். அவன் வாய் திறந்தது சரி, நான் காதை மூடியதுதான் பிழை.

றஊப் பிறகு இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் நடக்க ஏலாதாம். முழங்காலில் அடித்திருக்கிறார்கள்.

பூரணி


டோர்ட்முண்ட்,
06.03.2006

அக்கா,

மன்னியுங்கோ என்று எழுதினால் அந்தச் சொல் சின்னதாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் திமிர் என்பீர்கள். எழுதுகிறேன், மன்னியுங்கோ.

நேர்த்தி எனக்காக என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா? பதினைந்து வருசம் நான் உங்களுக்குக் கருவாடு அனுப்பச் சொல்லி எழுதுவேன், நீங்கள் பொதி கட்டி அனுப்புவீர்கள், அதில் ஒரு துண்டைக்கூட நீங்கள் தின்னாதது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் சுரண்டியிருப்பேனா? நினைத்துப் பார்க்கிறேன் அக்கா. சுரண்டியிருப்பேனோ என்னவோ. நீங்கள் தவழ்ந்து தவழ்ந்து மாடு கட்டுகிறீர்கள் என்று சின்னராசா அண்ணை முன்னர் ஒரு கடிதம் எழுதினார். அதை வாசித்துவிட்டு நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் குடிக்கமாட்டீர்கள். பொய் சொன்னால் எழும்பி நடப்பீர்கள். நான் பொய்யை எடுத்தேன். அந்தப் பொய் உங்களைத் தாண்டி வேறு ஒரு வீட்டுக்குள் போய் விழும் என்று நான் நினைக்கவில்லை.

றஊப் அண்ணையின் வைத்தியச் செலவு எல்லாம் நான் பார்க்கிறேன். கொழும்புக்குக் கொண்டுபோய் நல்ல டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கோ. காசை உண்டியல்காரர் மூலம் அனுப்பவா?

உங்கள் கால் எப்படி?

குணேஸ்


சம்பூர்,
30.03.2006

குணேஸ்வரிக்கு,

உண்டியல் ஒன்றும் வேண்டாம். காசை அனுப்பிவிட்டு நித்திரை கொள்ளலாம் என்று பார்க்கிறாய்.

என் கால் திரும்பவும் பிடித்துவிட்டது. மாவை விட்டதாலோ, முகாமுக்கு நடந்ததாலோ, ஆருக்குத் தெரியும். பால் கன்றுகளுக்குத்தான். றஊப் வருவதில்லை, வேறு ஒருத்தரும் இந்தப் பாதைக்கு வரத் துணிவதில்லை. உறைய வைத்த தயிரைக் கோழிக்குக் கொட்டுகிறேன்.

பாதை ஒரு நாள் திறந்த நேரம் மூதூருக்குப் போய் அவனைப் பார்த்தேன். சின்னராசாதான் சைக்கிளில் ஏற்றிப்போனான். வாசலில் மைமூனா நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தாள்.

அவன் கதிரையில் இருந்தான். கால் மடங்குகிறதில்லையாம். இப்போது கதிரையில் இருந்தபடிதான் தொழுகிறானாம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். இரு தம்பி என்றேன்.  பிறகு அவன்தான் தொடங்கினான்.

"அக்கா, எல்லாரும் என்னைப் பைத்தியம் எண்டுறாங்க. ஒரு வாய் மாவுதானே, திண்டிருந்தா ஊட்டுக்கு வந்திருப்பியே எண்டு என்ட மச்சானே ஏசுறான். நானும் இப்ப அதத்தான் யோசிக்கிறன். அது வெறும் கடப்பாசியாயிருந்தா, நான் வீணா அடி வாங்கிட்டன் அக்கா. காலும் போச்சு, கடையும் போச்சு, சும்மாவுக்கு. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. அது என்னத்துல செஞ்சது?"

முகாமில் அவனுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, குணேஸ். விட்டபோதும் சொல்லவில்லை. நான் வந்து குடித்ததை மட்டும் ஆரோ சொல்லியிருக்கிறார்கள். குடித்தது என்ன என்று அவனுக்குத் தெரியாது.

நானும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சைக்கிளில் வரும்போது எனக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அது நேர்த்திக்காக வந்த கோபத்தை விடப் பெரிது. இதை நான் ஏன் சொல்லவேண்டும்? பொய் சொன்னது நீ. நீயே அவனுக்குச் சொல்லு. அவன் கடைக்குப் பக்கத்தில் ரெலிபோன் எடுக்கிற கொம்யூனிகேசன் கடையின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அழாமல் சொல்லு. அக்கா பாவம், அவவுக்காகத்தான் என்று என்னை இழுக்காமல் சொல்லு.

நீ அவனோடு கதைக்குமட்டும் நான் உனக்கு எழுதமாட்டேன்.

பூரணி


டோர்ட்முண்ட்,
22.04.2006

அக்கா,

கதைத்துவிட்டேன்.

ரவுண் சந்தையில் குண்டு வெடித்து, கடைகளை எரித்து, அங்கே எல்லாம் குழம்பிய பிறகு லைன் கிடைக்கவே இல்லை. கிடைத்தபோதெல்லாம் கொம்யூனிகேசன்காரர் கூப்பிட, மைமூனாதான் வந்து எடுத்தா. நான் ஆர் என்று சொன்னதும் வைத்துவிடுவா. இன்றைக்கு எடுத்தும் வைக்காமல் நின்றா. "இரிங்க, கூட்டிட்டு வாரன்" என்றா. நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

அழாமல் சொல்லச் சொன்னீர்கள். அழவில்லை. அண்ணை, அது கடற்பாசி இல்லை, நான் அக்காவைப் பேய்க்காட்டினனான் என்றேன். "என்னத்துல செஞ்சது?" என்று கேட்டார். மாட்டுத் தோல் என்றேன். "பிஸ்மி சொல்லி அறுத்த மாடா?" என்றார். தெரியாது, இங்கே அப்படிப் பார்ப்பதில்லை என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். பன்றித் தோலும் இருக்குது அண்ணை என்றேன்.

 ஏசப்போகிறார், என்னை, என் தாய் தகப்பனை, எல்லோரையும் ஏசப்போகிறார் என்று காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அக்கா. "அப்ப நான் திங்காம நிண்டது சரிதானே?" என்றார்.

சரிதான் அண்ணை என்றேன்.

"மைமூனா, இஞ்ச கேளுங்க, நீங்க சொன்னது சரி. பண்டியாம். நான் திங்கல்லதானே" என்று அங்கே சொல்கிறார். அந்தக் குரலை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோசம் என்று எழுதினால் பாவம். ஆனால் சந்தோசம்தான். மைமூனா பெரிதாக அழுதா. அப்போதுதான் எனக்கும் கட்டுப்படுத்த ஏலாமல் போனது.

பிறகு அவருக்கு என்னவோ பொறி தட்டியிருக்கவேண்டும். "அப்ப அக்கா குடிச்சாவே. தெரிஞ்சா குடிச்ச?" என்று கேட்டார். ஓம் அண்ணை, போகிற வழியில் என் பெக்ஸை வாசித்துவிட்டுத்தான் போனவ, தெரிந்துதான் குடித்தவ என்றேன். உங்களை இழுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அவர் கேட்டார், சொல்லிவிட்டேன்.

  பிறகு, "அக்காட்ட சொல்லுங்க. செவ்வாக்கெழம நான் தயிர் எடுக்க வாரன்" என்றார். காலோடு எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். "மச்சான் ஓட்டுவான். நான் பின்னுக்குக் காலை நீட்டிட்டு இரிப்பன்" என்றார். பாதை எப்படி என்று கேட்டேன். இங்கே ரேடியோவில் சம்பூர்ப் பக்கம் எந்த நேரமும் குண்டு விழலாம் என்கிறார்கள் என்றும் சொன்னேன். "பாதையைப் பாத்துட்டு இரிந்தா எப்ப வாரது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வருகிற செவ்வாய், இருபத்தைந்தாம் திகதி. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்க முன்னமே அவர் வந்து போயிருப்பார். வந்து என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கோ அக்கா. ஏசி எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கோ.

குணேஸ்